செலாவணி முறிச் சட்டத்துக்கும் உங்கள் லீவுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி கேட்டவர் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுபவர். அவருடைய மாவட்டத்தில் தேர்த் திருவிழாவுக்காக ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவித்திருக்கிறார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கணவர் அரசு ஊழியர், அவருக்கும் லீவு. வங்கி மட்டும் திறந்திருக்கிறது. இவருடைய கம்பெனியில் "அதெல்லாம் நமக்குக் கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். அறிவிப்பின் அடியில் "இந்த உள்ளூர் விடுமுறை 1881-ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின்படி பொது விடுமுறை நாள் அல்ல" என்று ஒரு வரி இருக்கிறதே, அது என்ன சட்டம், பொது விடுமுறை என்பது எங்கிருந்து வந்தது, அது யாருக்குத்தான் என்று கேட்டிருக்கிறார். போன ஆகஸ்ட் 15 அன்று பாதி நாள் வேலைக்கு வரச்சொல்லி, அதற்கு எதுவும் தரவில்லையாம். அது சரியா என்பதும் கேள்வியில் இருக்கிறது.

நான் பல வருஷம் ஆலைகளில் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் பார்த்தவன். இந்தக் கேள்வியை ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து கேட்பார். அப்போதெல்லாம் அவசரமாக ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல் வேறுபாடு. பேச்சில் எல்லாவற்றையும் "லீவு" என்கிறோம். அலுவலகத் தமிழில் விடுப்பு வேறு, விடுமுறை வேறு. விடுப்பு என்பது நீங்கள் கேட்டு வாங்குவது: தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு. அது உங்கள் கணக்கில் இருந்து கழியும். விடுமுறை என்பது யாரும் கேட்காமலேயே எல்லோருக்கும் சேர்த்து விடப்படுவது. இந்த "எல்லோருக்கும்" என்ற சொல்லில்தான் சிக்கலே இருக்கிறது. விடுமுறை என்று ஓர் ஆணை வந்தால், அது எதை நிறுத்தச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். கோர்ட்டையா, கடன் வசூலையா, தறியையா? எதை நிறுத்தச் சொல்கிறதோ அதில் கட்டுண்டவர்களுக்குத்தான் அந்த நாள் கிடைக்கும்.

இப்போது அந்த 1881 சட்டத்துக்கு வருவோம். செலாவணி முறி என்றால் கைமாறக்கூடிய பணப் பத்திரம். புரோநோட்டு, மாற்றுச்சீட்டு (இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு என்று ஒருவர் இன்னொருவருக்கு எழுதும் சீட்டு), காசோலை இவை மூன்றையும் பற்றிய சட்டம் அது. செக் திரும்பினால் வழக்குப் போடுகிறார்களே, அதுவும் இதே சட்டத்தின் 138-ஆவது பிரிவில்தான். விடுமுறை வருவது 25-ஆவது பிரிவில்.

ஒரு வியாபாரி தவணை குறித்துப் புரோநோட்டு எழுதிக் கொடுக்கிறார் என்று வையுங்கள். பணம் தர வேண்டிய தேதி ஆகஸ்ட் 12. சட்டம் இதற்கு மூன்று நாள் சலுகை கொடுக்கிறது, ஆக நோட்டு முதிர்வது ஆகஸ்ட் 15. அன்றைக்குக் கடை இல்லை, வங்கி இல்லை. பணம் கொடுக்க ஆள் தயார், வாங்க இடம் இல்லை. அல்லது வாங்க வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார். அப்படியானால் அந்த நோட்டு மறுக்கப்பட்டதாக ஆகுமா? யார் பேர் கெடும்? வியாபாரத்தில் ஒரு நாள் பிசகினால் வாக்கு போச்சு என்று அர்த்தம். அதனால் சட்டம் சொல்கிறது: முதிரும் நாள் பொது விடுமுறையாக இருந்தால், அதற்கு முந்தைய வேலை நாளிலேயே பணம் கொடுத்துவிட வேண்டும், அதாவது ஆகஸ்ட் 14.

அப்படிச் சொன்னால் "பொது விடுமுறை என்றால் எது?" என்று உடனே கேள்வி வருமல்லவா? அதற்காக அந்தப் பிரிவின் கீழே ஒரு விளக்கம் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, அப்புறம் அரசு தன் அரசிதழில் அறிவிக்கும் மற்ற நாட்கள். முதலில் எழுதியபோது ஆங்கிலப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ், புனித வெள்ளி ஆகியவையும் பெயர் சொல்லி அதில் இருந்தன. அவ்வளவுதான். தொழிலாளி, சம்பளம், ஓய்வு என்ற ஒரு சொல்கூட அந்தப் பிரிவில் கிடையாது. நாம் இன்றைக்குப் பொது விடுமுறை என்று சொல்லும் சட்டச் சொல், கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையே தேதித் தகராறு வராமல் இருக்கப் பிறந்தது.

இதன் தாய்வீடு இங்கிலாந்து. அங்கே இங்கிலாந்து வங்கி ஒரு காலத்தில் வருஷத்துக்குச் சுமார் 33 புனிதர் நாட்களுக்கும் திருவிழாக்களுக்கும் மூடிக்கொண்டிருந்தது. 1834-இல் அதை நான்காகக் குறைத்துவிட்டார்கள்: மே 1, நவம்பர் 1, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ். ஆலைகளும் சந்தைகளும் ஓயாமல் ஓடத் தொடங்கிய காலம் அது. வங்கி குமாஸ்தாக்களின் நிலைமை மோசம். அவர்களுக்கு ஒரு நாள் விட வேண்டும் என்று ஒரு வங்கி முதலாளி மனம் வைத்தாலும் முடியாது, ஏனென்றால் அன்றைக்கு முதிரும் மாற்றுச்சீட்டுகளுக்குப் பணம் கொடுக்காமல் கதவைச் சாத்த முடியாது. சாத்தினால் வங்கி நொடித்துவிட்டது என்று ஊர் பேசும்.

சர் ஜான் லப்பக் என்பவர்தான் இந்த முடிச்சை அவிழ்த்தார். வங்கிக் குடும்பத்தில் பிறந்தவர், நாடாளுமன்ற உறுப்பினர், எறும்புகளையும் தேனீக்களையும் ஆராய்ந்து எழுதிய இயற்கை ஆய்வாளரும்கூட. அவர் கொண்டுவந்த வங்கி விடுமுறைச் சட்டம் 1871-இல் நிறைவேறியது. இங்கிலாந்துக்கு அது கொடுத்தது நான்கு நாட்கள்: ஈஸ்டர் திங்கள், பெந்தெகொஸ்தே திங்கள், ஆகஸ்ட் முதல் திங்கள், டிசம்பர் 26. அன்றைக்கு முதிரும் சீட்டுக்கு மறுநாள் பணம் கொடுத்தால் போதும் என்றது சட்டம். அது போதுமானதாக இருந்தது. பணம் நகராத நாளில் வியாபாரம் நகராது, வியாபாரம் நகராத நாளில் கடையைத் திறந்து பயனில்லை. மெல்ல மெல்லக் கடைகளும் தொழிற்சாலைகளும் தாமாகவே மூடின. மக்கள் நன்றியோடு அந்த ஆகஸ்ட் திங்களைப் "புனித லப்பக் நாள்" என்று அழைத்தார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தொழிலாளிக்கு அன்று விடுமுறை விட வேண்டும் என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. வங்கியை மூடினார்கள், மற்றது வழக்கத்தால் வந்தது. பிரிட்டனில் இன்றைக்கும் அப்படித்தான். வங்கி விடுமுறை நாளில் வீட்டில் இருக்கும் சட்ட உரிமை எந்த ஊழியருக்கும் தனியாகக் கிடையாது. வருஷத்துக்கு 5.6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு, முதலாளி விரும்பினால் வங்கி விடுமுறைகளை அதற்குள்ளேயே கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவிலும் 1870-இல் நான்கு விடுமுறைகளைச் சட்டமாக்கியபோது அவை தலைநகர் வாஷிங்டனில் வேலை பார்த்த மத்திய அரசு ஊழியர்களுக்கு மட்டுமே. தினக்கூலியில் இருந்த அரசு வேலையாட்களுக்கு விடுமுறை நாளுக்கும் கூலி உண்டு என்று ஆனது 1885-இல். தனியார் முதலாளி சம்பளத்துடன் விடுமுறை விட வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் மத்தியச் சட்டம் அங்கே இன்றுவரை இல்லை.

சரி, கடனுக்கும் வங்கிக்கும் முன்னால் விடுமுறையே இல்லையா? இருந்தது, சாமி பெயரில் இருந்தது. அங்கேயும் யாருக்கு என்ற கேள்வி முதல் நாளிலிருந்தே கூடவே நிற்கிறது. நான் படித்ததில் மிகப் பழைய தெளிவான பட்டியல் பைபிளில் யாத்திராகமத்தின் ஓய்வுநாள் கட்டளையில் இருக்கிறது. ஏழாம் நாளில் நீ வேலை செய்யாதே என்பதோடு அது நிற்பதில்லை. உன் மகன், உன் மகள், உன் வேலைக்காரன், உன் வேலைக்காரி, உன் மாடு, உன் வாசலுக்குள் இருக்கும் அந்நியன் என்று ஒவ்வொருவராக எண்ணிச் சொல்கிறது. உபாகமத்தில் காரணமும் வருகிறது: நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன், நினைத்துக்கொள். மூவாயிரம் ஆண்டுகளை ஒட்டிய பழமையுள்ள இந்த வரிகளில் வேலைக்காரியும் வெளியூர்க்காரனும் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும். மனைவி மட்டும் தனியாகப் பெயர் சொல்லப்படவில்லை. "நீ" என்பதிலேயே அவளும் அடக்கம் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். இருக்கலாம். ஆனால் விடுமுறை நாளில் சமையலறை எந்த வீட்டில் மூடியிருக்கிறது என்று யோசித்தால், அந்த விடுபடல் மனதை உறுத்தத்தான் செய்கிறது.

ரோமாபுரியில் வேறு மாதிரி. கேட்டோ என்ற பெருநிலக்காரர் பண்ணை நடத்துவதைப் பற்றி எழுதியிருக்கிறார். திருநாட்களில் வயல் வேலை கூடாது என்பது அவர்கள் மத விதி. அதற்கு அவர் பண்ணைக் காரியஸ்தனிடம் என்ன கேட்கச் சொல்கிறார் தெரியுமா? திருநாளில் பழைய வாய்க்காலைத் தூர் வாரியிருக்கலாமே, சாலையைச் செப்பனிட்டிருக்கலாமே, முள்ளை வெட்டியிருக்கலாமே, தோட்டத்தைக் கொத்தியிருக்கலாமே. விதி உழவை நிறுத்தச் சொன்னது, அடிமையை உட்காரச் சொல்லவில்லை என்பது அவர் கணக்கு. மஸ்டர் ரோல் பார்த்த எனக்கு இந்தக் குரல் நன்றாகப் பழக்கம். "லீவுதான், ஆனா மெயின்டனன்ஸ் ஆட்கள் மட்டும் வரட்டும்."

கி.பி. 321 மார்ச் மாதம் கான்ஸ்டன்டைன் பேரரசர் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக்கி ஆணை போட்டார். நீதிபதிகளும் நகரத்து மக்களும் கைவினைஞர்களும் ஓய்ந்திருக்க வேண்டும். நாட்டுப்புறத்தில் உழவு செய்பவர்கள் தாராளமாக வேலை பார்க்கலாம், விதைப்புக்கேற்ற நாள் தவறிவிடக்கூடாது என்பது காரணம். அந்தக் காலத்து மக்களில் பெரும்பாலோர் உழவர்கள். ஆக உலகத்தின் பெரும்பகுதி இன்று பின்பற்றும் வார விடுமுறை, பிறந்த அன்றே பெரும்பான்மையை வெளியே நிறுத்திவிட்டுத்தான் பிறந்தது.

நம் பக்கத்திலும் பாருங்கள். புகார் நகரத்து இந்திர விழா 28 நாள் நடந்தது. மணிமேகலையின் முதல் காதையே அந்த விழாவை யானை மேல் முரசு வைத்து அறிவிப்பதுதான். விழா அறிவிப்பில் என்ன இருக்கிறது? "பழமணல் மாற்றுமின் புதுமணல் பரப்புமின்" என்று கட்டளை இருக்கிறது. தோரணம் கட்டுங்கள், வீதியை அணி செய்யுங்கள் என்று வரிசையாக வேலைகள். ஊருக்கே திருவிழா, சரி. தெருவெல்லாம் பழைய மணலை அள்ளிப் புதுமணல் கொட்டியது யார்? அவர்களுக்கு அந்த 28 நாளும் கூடுதல் வேலைதான். திருவிழா என்றால் யாரோ ஒருவருக்கு இரட்டை உழைப்பு என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை.

தொழிலாளிக்கு என்று வந்த விடுமுறையின் கதை முற்றிலும் வேறு. அது சாமியிடமிருந்தும் வரவில்லை, வங்கியிடமிருந்தும் வரவில்லை. கேட்டு, கூடி, மறித்து வாங்கியது. இதை விளங்கிக்கொள்ள அதே 1881-க்கே போக வேண்டும். செலாவணி முறிச் சட்டம் வந்த அதே வருஷம்தான் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டமும் வந்தது. அது மாதத்துக்கு நான்கு நாள் விடுமுறை கொடுத்தது, யாருக்குத் தெரியுமா? 7 வயது முதல் 12 வயது வரையுள்ள குழந்தைத் தொழிலாளர்களுக்கு. பெரியவர்களுக்கு எதுவும் இல்லை. ஒரே வருஷத்தில் புரோநோட்டுக்கு எல்லா ஞாயிறும் விடுமுறை, ஆலைக்குள் நிற்கும் வளர்ந்த மனிதனுக்கு ஒரு ஞாயிறும் இல்லை. இந்த இரண்டு சட்டங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்த நாளில் எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

பம்பாய் ஆலைகளில் நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் 1884-இல் தொழிலாளர்களைத் திரட்டி மனு எழுதினார். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்த மனு. முதல் கோரிக்கைகளில் ஒன்று வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. ஆறு வருஷம் கூட்டம், மனு, பேச்சு என்று போனது. 1890 ஏப்ரலில் நடந்த பெரிய கூட்டத்தில் பெண் தொழிலாளர்களும் மேடையேறிப் பேசினார்கள். அதே வருஷம் ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் சங்கம் ஞாயிறு விடுமுறைக்கு ஒத்துக்கொண்டது. மறுவருஷம் வந்த திருத்தச் சட்டம் தொழிற்சாலைகளுக்கு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவகாசமாக எழுந்திருக்கும்போது லோகாண்டேயின் பெயரை நாம் ஒருமுறையாவது நினைக்க வேண்டும். அவர் பெயர் நம் பள்ளிப் பாடத்தில் இன்னும் பெரிதாக இருந்திருக்க வேண்டியது.

மே தினமும் அப்படித்தான். 1886-இல் அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலை கேட்டு நடந்த வேலைநிறுத்தம், சிகாகோவில் ஹேமார்க்கெட் சதுக்கத்து ரத்தம், 1889-இல் பாரிசில் கூடிய சோசலிஸ்டுகளின் தீர்மானம், 1890 மே 1 முதல் பல நாடுகளில் ஊர்வலம். இந்தியாவில் முதல் மே தினத்தை 1923-இல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியவர் சிங்காரவேலர். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்னொரு கூட்டம். மே முதல் நாளை விடுமுறையாக்க வேண்டும் என்று அன்றைக்கே கேட்டார்கள். அமெரிக்க அரசு தன் தொழிலாளர் தினத்தைச் செப்டம்பரில் வைத்து 1894-இல் சட்டமாக்கியது. புல்மன் ரயில்பெட்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஜனாதிபதி கிளீவ்லாந்து அதில் கையெழுத்திட்டார்.

இப்படிச் சாமி நாள், கடன் நாள், கூலி நாள் என்று மூன்று வேரிலிருந்து வளர்ந்ததை நாம் ஒரே காலண்டரில் சிவப்பு மையில் அச்சடித்துவிடுகிறோம். அதனால்தான் குழப்பம். சில ஊர்களில் இந்த வேறுபாட்டை மறைக்காமலே வைத்திருக்கிறார்கள். இலங்கைக் காலண்டரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு நாளுக்கும் பொது விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என்று தனித்தனிக் குறி இருக்கும். ஒரே நாள் அரசு ஊழியருக்கு விடுமுறை, கடை ஊழியருக்கு வேலை நாள் என்று வரலாம். ஹாங்காங்கில் இது இன்னும் பட்டவர்த்தனம். அங்கே வருஷத்துக்கு 17 பொது விடுமுறை, அதை மக்கள் "வங்கி விடுமுறை" என்பார்கள், அலுவலகக்காரர்களுக்கு. சட்டப்படி எல்லாத் தொழிலாளருக்கும் உரிய பட்டியல் வேறு, அது 2021 வரை 12 நாள்தான், அதற்குப் பெயர் "தொழிலாளர் விடுமுறை". கட்டட வேலை, துப்புரவு, வீட்டு வேலை செய்பவர்களுக்குப் பல இடங்களில் அந்தச் சின்னப் பட்டியல்தான். அதுவரை ஐந்து நாள் வித்தியாசம். பல வருஷம் போராடிய பிறகு 2022 முதல் இரண்டு வருஷத்துக்கு ஒரு நாள் என்று கூட்டி, 2030-இல் இரண்டு பட்டியலையும் சமமாக்குவதாகச் சட்டம் செய்திருக்கிறார்கள். ஐந்து நாளைச் சமமாக்க இத்தனை வருஷம்.

நம் தமிழ்நாட்டிலும் இரண்டு பட்டியல் உண்டு, நாம் அப்படிப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். வருஷக் கடைசியில் அரசு வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியல் அரசு அலுவலகங்களுக்கானது. அதே நாட்களைச் செலாவணி முறிச் சட்டத்தின் கீழும் அறிவிப்பதால் வங்கிகளும் மூடும். ஏப்ரல் 1 வங்கிக் கணக்கு முடிக்கும் நாள் என்று அந்தப் பட்டியலிலேயே வரும், அது வங்கிகளுக்கு மட்டும். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் வங்கிகளுக்கு விடுமுறை ஆனதும் 2015-இல் இதே 25-ஆவது பிரிவின் கீழ்தான்.

ஆட்சியர் விடும் உள்ளூர் விடுமுறை நிர்வாக உத்தரவு. அது அந்த மாவட்டத்து அரசு அலுவலகங்களையும் பள்ளி, கல்லூரிகளையும் கட்டுப்படுத்தும். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக்கிவிடுவார்கள். 25-ஆவது பிரிவின் அறிவிப்பு இல்லாததால், சட்டத்தின் கண்ணுக்கு அது சாதாரண வேலை நாள். வங்கி திறந்திருக்கும், நோட்டு முதிரும், செக் போகும். அரசு கொடுக்க வேண்டிய பணமும் நின்றுவிடக் கூடாது. அதனால்தான் அந்த வரிக்கு அடுத்தபடியாகவே "மாவட்டக் கருவூலமும் சார்நிலைக் கருவூலங்களும் குறிப்பிட்ட பணியாளர்களுடன் செயல்படும்" என்று வருகிறது. ஊரே தேர் இழுக்கும்போது கருவூலத்தில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை உட்கார வைப்பது 1881-இல் எழுதிய புரோநோட்டுச் சட்டம்.

இதில் வேடிக்கையான காலமாற்றம் ஒன்று. அந்தச் சட்டத்தின் அடிப்படையே விடுமுறை நாளில் பணம் நகராது என்பதுதான். வங்கியிலிருந்து வங்கிக்குப் பணம் அனுப்பும் மின்வழிகள், 2019 டிசம்பரில் என்.இ.எஃப்.டி., 2020 டிசம்பரில் ஆர்.டி.ஜி.எஸ்., இரண்டும் வருஷம் முழுக்க 24 மணி நேரமும் ஆகிவிட்டன. இப்போது ஞாயிற்றுக்கிழமையும் சம்பளம் ஏறும், மாதத் தவணையும் பிடிக்கப்படும். கடனுக்கு விடுமுறை போய்விட்டது. விடுமுறை மட்டும் அந்தப் பழைய ஆணியிலேயே தொங்குகிறது.

உங்கள் கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். தனியார் நிறுவனத்தை அரசுப் பட்டியலும் கட்டுப்படுத்தாது, ஆட்சியர் அறிவிப்பும் கட்டுப்படுத்தாது. உங்களுக்கான சட்டம் 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம். பெயரில் "தொழில் நிறுவனங்கள்" என்று இருப்பதைப் பார்த்து ஆலைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், கடைகளும் வணிக நிறுவனங்களும் அதில் வரும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற நான்கு நாட்கள், அதோடு ஐந்து பண்டிகை நாட்கள், ஆக வருஷத்துக்கு ஒன்பது. எல்லாம் சம்பளத்துடன். அரசுப் பட்டியலில் இருபதுக்கு மேல் இருக்கும், உங்களுக்குக் குறைந்தபட்சம் ஒன்பது. அதனால் தேர்த் திருவிழா அன்று "நமக்குக் கிடையாது" என்று சொன்னது சட்டப்படி தவறில்லை, அந்த ஐந்தில் ஒன்றாக அதை அவர்கள் வைத்திருந்தால் தவிர.

ஆகஸ்ட் 15 விஷயம் அப்படி இல்லை. சட்டம் சொல்வது முழு நாள் விடுமுறை. பாதி நாள் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அவசர வேலைக்கு அழைக்கலாம், அழைத்தால் அந்த நாளுக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும். கொடி ஏற்ற வாருங்கள் என்று சொல்லி அப்படியே இரண்டு மணி வரை கணக்கு முடிக்க வைப்பது பல இடங்களில் நடக்கிறது. கொடி ஏற்றுவது வேறு, கணக்கு முடிப்பது வேலை.

இந்த இரட்டைச் சம்பளத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது நியாயமானது, ஆனால் போன நாளைத் திருப்பித் தராது. சோவியத் நாட்டில் 1929-இல் ஒரு சோதனை செய்தார்கள். இயந்திரங்கள் ஒரு நாளும் நிற்கக்கூடாது என்பதற்காக ஐந்து நாள் வாரம் கொண்டுவந்து, தொழிலாளர்களை ஐந்து நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு நாள் விடுமுறை என்றார்கள். கணக்குப்படி ஓய்வு நாட்கள் கூடின. ஆனால் கணவனுக்கு ஒரு நிறம், மனைவிக்கு ஒரு நிறம், நண்பனுக்கு வேறொரு நிறம். ஆள் இல்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பது என்ன விடுமுறை என்று தொழிலாளர்களே குறைப்பட்டார்கள். ஆறு நாள் வாரம் என்று மாற்றிப் பார்த்து, கடைசியில் 1940-இல் பழைய ஏழு நாள் வாரத்துக்கே திரும்பினார்கள். விடுமுறையின் உயிர் எல்லோரும் ஒரே நாளில் ஓய்வதில் இருக்கிறது. தேர் ஓடும் நாளில் வேலை பார்த்துவிட்டு அடுத்த செவ்வாய்க்கிழமை லீவு எடுத்தால், அந்தச் செவ்வாயில் தேர் நிலையில் நிற்கும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், இந்தத் தொழிலில் எனக்குக் கண் திறந்த நாள் அது. நான் வேலை பார்த்த ஒரு ஆலையில் மஸ்டர் இரண்டு. நிரந்தரத் தொழிலாளர்களுக்கு ஒன்று, காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ஒன்று. தேசிய விடுமுறை வந்தால் முதல் மஸ்டரில் எல்லோர் பெயருக்கும் நேரே "என்.எச்." (நேஷனல் ஹாலிடே) என்று எழுதுவோம், வராமலேயே சம்பளம். இரண்டாவது மஸ்டரில் வந்தவருக்கு வருகைக் குறி, வராதவருக்குக் கட்டம் காலி. ஒரு ஜனவரி 26, கூட்டிப் பெருக்கும் ஒரு அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்களுக்கு என்னமோ எழுதுறீங்களே, எங்களுக்கு அதை எழுத மாட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் காண்ட்ராக்டரைக் கேட்டேன். "நோ ஒர்க், நோ பே" என்றார். மேலே கேட்டேன், "அது அவர் பாடு" என்றார்கள். அந்தக் கட்டத்தில் எழுத எனக்கு அதிகாரம் இல்லை. அன்று கொடிக்கம்பத்தைச் சுற்றிக் கோலம் போட்டிருந்ததும் அந்த அம்மாதான்.

வீட்டு வேலை செய்பவர்கள், கட்டட வேலையாட்கள், சாப்பாடு கொண்டுவந்து தரும் பையன்கள் இவர்களெல்லாம் எந்த மஸ்டரிலும் இல்லை. விடுமுறை நாளில் ஆர்டர் கூடும், அதனால் அன்றைக்கு வேலையும் கூடும். 2011-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்று உடன்படிக்கை செய்தது, இந்தியா அதில் இன்னும் சேரவில்லை. சிங்கப்பூரில் 2023 முதல் வீட்டுப் பணிப்பெண்களுக்கு மாதத்தில் ஒரு நாளையாவது காசு கொடுத்துக் கழிக்க முடியாத ஓய்வு நாளாக்கியிருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு நாள். அதற்கே சட்டம் தேவைப்பட்டது.

2022 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், பொது விடுமுறை என்பது யாருக்கும் அடிப்படை உரிமை இல்லை என்று சொன்னது. நமக்கு விடுமுறைகள் அதிகமாகிவிட்டன, குறைக்க வேண்டிய நேரம் வந்திருக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. அரசு அலுவலகத்தைப் பார்த்துச் சொன்னால் அதில் பொருள் இருக்கலாம். நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு அதிகமாகக் குவிந்திருக்கும் பொருள் விடுமுறை இல்லை என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

தினக்கூலிக்காரரையும் சேர்த்து எல்லோருக்கும் சம்பளத்துடன் விடுமுறை கொடுக்கும் சட்டம் நம் நாட்டில் உண்டா என்றால், ஒன்று உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. வாக்குப்பதிவு நாளன்று வாக்குரிமை உள்ள ஒவ்வொரு ஊழியருக்கும் விடுமுறை விட வேண்டும், சம்பளம் பிடிக்கக் கூடாது. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி கிடையாது என்ற ஏற்பாட்டில் இருப்பவருக்கும் அந்த நாளுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. மீறிய முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம். தொகை சின்னது, ஆனாலும் "நோ ஒர்க், நோ பே" என்ற வாக்கியத்தை ஒரு நாளுக்காவது சட்டமே அடித்துத் திருத்தியிருக்கிறது. முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

கடைசியாக, நீங்கள் செய்ய வேண்டியது. 1958 சட்டப்படி உங்கள் கம்பெனி ஒவ்வொரு வருஷமும் அந்த ஒன்பது நாட்களின் பட்டியலைத் தயாரித்துத் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு அனுப்ப வேண்டும், ஊழியர்கள் பார்க்கும்படி ஒட்டவும் வேண்டும். அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 15 அன்று நீங்கள் வந்த நேரம், போன நேரம், யார் வரச்சொன்னார்கள், அன்று நீங்கள் போட்ட கணக்கின் தேதி இவற்றை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, முதலில் மாற்று விடுமுறையோ இரட்டைச் சம்பளமோ தரும்படி எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் உங்கள் பகுதித் தொழிலாளர் ஆய்வாளரிடம் அந்த நகலோடு போகலாம். போகும்போது, அன்றைக்கு உங்களோடு அலுவலகத்தைத் திறந்து கூட்டி, தண்ணீர் பிடித்து வைத்தவர் யாராவது இருந்தால், அவர் பெயரையும் அந்தத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.